எட்டு பாருக்கு அப்புறம்

வீட்டில் உட்கார்ந்து எலக்ட்ரானிக் இசை செய்கிற யாருடைய லேப்டாப்பையும் திறந்து பாருங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் நெஜம்மா', 'இதுதான் ஃபைனல்' என்று கோப்புகள் வரிசையாகக் கிடக்கும். திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எட்டு பார் நீளமுள்ள ஒரு துண்டு. ஒரு கிக், ஒரு பேஸ், மேலே மிதக்கிற ஒரு ஸ்வரக்கோவை. கேட்க நன்றாகவே இருக்கும். கிக் நெஞ்சில் இறங்கும், ஹை-ஹாட் மினுங்கும். ஆனால் ஒன்பதாவது பார் கிடையாது.

கதை எழுதுகிறவர்களிடமும் முடிக்காத கதைகள் உண்டு. ஆனால் முதல் பத்தியை மட்டும் எழுதிவிட்டு, இரண்டாவது பத்தியைத் தொடாமல், அந்த ஒரே பத்திக்கு ஆறு மாதம் மெய்ப்புப் பார்க்கிற எழுத்தாளரை நான் பார்த்ததில்லை. இசையில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டுவார்கள், ஒரு மணிவரை பேஸுக்கு ஈக்யூ போடுவார்கள், தூங்கப் போவார்கள். மறுநாள் அதே பேஸ், வேறு ஈக்யூ.

இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படும். ஒன்று, உனக்கு டெக்னிக் போதவில்லை, இன்னும் பத்து வீடியோ பார், இந்த ப்ளக்-இன்னை வாங்கு. இரண்டு, உனக்கு மோட்டிவேஷன் இல்லை, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தாலும் முழு உண்மை ஆகவில்லை என்பதுதான் என் எண்ணம். இந்தத் துறையில் எல்லோரும் கைகாட்டுகிற இரண்டு புத்தகங்களையும், நமக்கு நெருக்கமான மூன்று பேரின் வேலையையும் வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

*

இசைப் பக்கம் வராத வாசகர்களுக்காக ஒரு வரி. மிக்ஸிங் என்பது தனித்தனியாக இருக்கிற ஒலிகளில் எது முன்னால், எது பின்னால், எது இடப்பக்கம், எது வலப்பக்கம், எது எவ்வளவு சத்தம் என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் இரண்டு ஸ்பீக்கருக்குள் அடக்குகிற வேலை.

இந்த வேலைக்கு வீட்டு ஸ்டுடியோக்காரர்களின் பாடநூல் என்றால் மைக் சீனியர் எழுதி 2011-ல் வந்த 'மிக்ஸிங் சீக்ரெட்ஸ் ஃபார் த ஸ்மால் ஸ்டுடியோ'. தலைப்பைப் பார்த்தால் ரகசியச் சூத்திரங்கள் இருக்கும் என்று தோன்றும். ஆனால் புத்தகம் எந்தக் கருவியிலும் தொடங்கவில்லை, காதில் தொடங்குகிறது. உன் அறை உன்னிடம் எப்படிப் பொய் சொல்கிறது, அந்தப் பொய்யை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குத்தான் முதல் பகுதி. விலை உயர்ந்த மானிட்டரோடு கூட, பேஸே கேட்காத ஒற்றைச் சின்ன ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார் என்கிறார். பாட்டில் எது முக்கியமோ அதிலிருந்து பேலன்ஸைத் தொடங்கு என்கிறார். இந்த இரண்டு யோசனைக்காகவே புத்தகத்தின் விலையைக் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 'சவுண்ட் ஆன் சவுண்ட்' இதழில் 'மிக்ஸ் ரெஸ்க்யூ' என்ற பத்தியில் வாசகர்கள் அனுப்பும் மிக்ஸ்களைச் சீர்செய்து பெயர் வாங்கியவர் சீனியர். அதாவது, வேறொருவர் முடித்து அனுப்பிய பாட்டு அவர் மேஜைக்கு வருகிறது. அவருக்கு அது புதுசு. அந்தப் புதுக் காதுதான் அவருடைய முதல் கருவி. நம்மிடம் அந்த ஒன்றுதான் கிடையாது. நம் பாட்டை நாமே எழுதி, நாமே வாசித்து, நாமே மிக்ஸ் பண்ணுகிறோம். 124 பிபிஎம் வேகத்தில் எட்டு பார் என்பது சுமார் 15.5 விநாடி. லூப்பில் ஓடவிட்டால் ஒரு மணி நேரத்தில் அதை 230 தடவைக்கு மேல் கேட்டிருப்போம். எந்தப் பாட்டையும் 230 தடவை கேட்ட பிறகு அதைப் பற்றி நியாயமாக ஒரு முடிவு சொல்ல யாரால் முடியும்?

இரண்டாவது புத்தகம் டென்னிஸ் டிசான்டிஸ் எழுதியது. 'மேக்கிங் மியூசிக்: 74 க்ரியேட்டிவ் ஸ்ட்ராட்டஜீஸ்', 2015-ல் ஏபிள்டன் நிறுவனமே வெளியிட்டது. இது மிக்ஸிங் பாடநூல் அல்ல, ஏபிள்டன் மென்பொருளின் விளம்பரமும் அல்ல. தொடங்குவதில் உள்ள சிக்கல்கள், தொடர்வதில் உள்ள சிக்கல்கள், முடிப்பதில் உள்ள சிக்கல்கள் என்று மூன்று பகுதி. ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதலில் ஒரு சிக்கல், அடுத்து அதற்கு ஒரு வழி. எழுத்தாளர்களுக்கான புத்தகமாக இதை வாசித்தாலும் பாதி பொருந்தும். எனக்குப் பிடித்தது முடிப்பது பற்றிய பகுதியில் வரும் கழித்தல் முறை. எட்டு பாரை எப்படி நீட்டுவது என்று தவிக்காதே, கையில் இருக்கும் எல்லாவற்றையும் முழுப் பாட்டின் நீளத்துக்கும் நகலெடுத்து நிரப்பிவிடு. அப்புறம் எந்த இடத்தில் எதை எடுக்கலாம் என்று மட்டும் பார். வெற்றுத் திரையின் பயம் போய்விடுகிறது. வெட்டுகிற வேலைதான் மிச்சம், அது எழுதுகிற வேலையைவிட எப்போதும் சுலபம்.

இந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். இதன் மையத்தில் இருப்பது ஒரு தனியாள், ஓர் அறை, ஒரு திரை. சிக்கல் வந்தால் அது அந்த ஆளின் பழக்கத்தில் இருக்கிறது, பழக்கத்தை மாற்றினால் தீரும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. அறைக்கு வெளியே என்ன இருக்கிறது, அந்த ஆள் ஏன் அறைக்குள்ளேயே இருக்கிறார் என்பது அதன் கேள்வி இல்லை. என் கேள்வி அதுதான்.

*

ஜூரோங்கில் வீவக வீட்டின் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 3 மீட்டர், அகலம் 2.7, உயரம் 2.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளத்தில் முதலில் தேங்கி நிற்கிற அதிர்வெண் கிடைக்கும். நீளவாக்கில் சுமார் 57 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 63, உயரவாக்கில் 66. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காருகின்றன, அதுவும் சரியாக கிக்கும் பேஸும் குடியிருக்கிற இடத்தில். சுவர் ஓரம் உட்கார்ந்தால் பேஸ் குண்டாகக் கேட்கும், அறை நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். நீங்கள் ஈக்யூ போடுவது உங்கள் பாட்டுக்கு அல்ல, கான்கிரீட்டுக்கு.

சிலர் 'பாம் ஷெல்டர்'தான் நல்ல இடம் என்று அதற்குள் போவார்கள். 1990-களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கிற அந்தச் சின்னப் புகலிட அறை. கதவு இரும்பு, சுவர் தடிமன், வெளிச்சத்தம் வராது, எல்லாம் சரி. ஆனால் எதிரெதிரே மொட்டையான இரண்டு கான்கிரீட் சுவர்கள். கை தட்டினால் ஒலி அங்குமிங்கும் பந்து மாதிரி அடித்துத் திரும்பும். மிக்ஸ் பண்ண அதைவிட மோசமான இடம் வீட்டில் குளியலறைதான்.

ஆக எல்லோரும் கடைசியில் வந்து சேர்வது ஹெட்ஃபோனுக்கு. அறை காரணம், அதைவிடப் பெரிய காரணம் அண்டை வீடு. இரவு 10.30-லிருந்து காலை 7 வரை என்று இருந்த அமைதி நேரத்தை இரவு 10-லிருந்து காலை 8 வரை நீட்டலாம் என்று 2022-ல் அண்டையர் இரைச்சல் பற்றிய சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. வேலை முடிந்து பூன் லேயில் இறங்கி, சாப்பிட்டு, குளித்து, மேஜையில் உட்காரும்போது மணி பத்தாகியிருக்கும். நம் இசை வாழ்க்கை முழுவதும் அமைதி நேரத்துக்குள்தான் நடக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா தூங்குகிறார், அவருக்கும் காது இருக்கிறது.

ஆனால் இதன் விளைவு என்ன என்று பார்க்க வேண்டும். ஹெட்ஃபோனில் இடது காதுக்கான ஒலி வலது காதுக்குப் போவதே இல்லை, அதனால் எல்லாம் விரிவாகவும் தெளிவாகவும் தெரியும். பேஸ் உடம்பில் படாது, அதனால் சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினால் பேஸும் உச்ச ஒலிகளும் கூடுதலாகக் கேட்கும். மனிதக் காதின் இந்தக் குணத்தை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். சத்தமாக இருப்பதெல்லாம் நல்லதாகத் தோன்றும். ஒரு ப்ளக்-இன் உங்கள் ஒலியை ஒரு டெசிபல் மட்டும் உயர்த்தினாலே, 'ஆகா, மேஜிக்!' என்று காசு கொடுத்துவிடுவோம். இன்னொரு பக்கம், 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை என்று ஒரு வேலையிட வரம்பு உண்டு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம்தான். பேஸ் வேண்டும் என்று கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் இவை எல்லாம் தொழில்நுட்பக் கஷ்டங்கள், வழி உண்டு. சத்தத்தைக் குறைத்து வேலை செய்யலாம். தெரிந்த பாட்டு ஒன்றை அதே அளவு சத்தத்தில் வைத்து ஒப்பிடலாம். நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கலாம். ஹெட்ஃபோன் இன்னொன்றும் செய்கிறது, அதற்கு ப்ளக்-இன் கிடையாது. அது பாட்டை ஒருவர் மட்டும் கேட்கிற பொருளாக ஆக்கிவிடுகிறது. சமையலறையிலிருந்து அம்மா, 'என்னடா இது, திரும்பத் திரும்ப ஒண்ணையே போடுற?' என்று கேட்கிற வாய்ப்பு போய்விடுகிறது. அந்த ஒரு கேள்வி ஒன்பதாவது பாரை எழுத வைத்திருக்கும்.

*

இப்போது மூன்று பேர்.

முதலில் சரண்ஜித் சிங். பம்பாயில் இந்திப் படப் பாடல்களுக்கு கிட்டார், பேஸ், சிந்தசைஸர் வாசித்தவர். 1982-ல் எச்எம்வி வழியாக 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஓர் இசைத்தட்டு போட்டார். ரோலண்டின் டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 பேஸ் கருவி, ஜூபிடர்-8 கீபோர்டு, இவ்வளவுதான். இந்த 303-ஐ அவர் வாங்கியது சிங்கப்பூரில் என்று அவரைப் பற்றிய கட்டுரைகள் சொல்கின்றன. அப்போது தட்டு விற்கவில்லை. இருபது ஆண்டு கழித்து ஒரு டச்சுச் சேகரிப்பாளர் கண்ணில் பட்டு, 2010-ல் மறுவெளியீடு ஆனது. சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகைக்குத் தொடக்கமாகச் சொல்லப்படும் 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளிவந்தது 1987-ல். அதற்கு ஐந்து வருஷம் முன்பே அதே கருவியில் அதே நெளிவை ஒருவர் பம்பாயில் வாசித்திருக்கிறார் என்று உலகம் ஆச்சரியப்பட்டது.

அந்த ஆச்சரியத்தை ஒதுக்கிவிட்டு, மிக்ஸாக மட்டும் கேளுங்கள். பத்து ராகத்துக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. அடியில் தாளம், நடுவில் நிற்காமல் ஓடுகிற பேஸ் வரிசை, மேலே ராகத்தை விரிக்கிற ஒரே குரல். நமக்குப் பழகிய பெயரில் சொன்னால், பூபாலி என்கிற மோகனத்துக்கும் மால்கௌன்ஸ் என்கிற ஹிந்தோளத்துக்கும் ஒலியின் நிறம் கிட்டத்தட்ட அதேதான். இன்றைய யூட்யூப் ஆசிரியர் யாராவது இதைக் கேட்டால் பத்து குறை சொல்வார். சில இடங்களில் எனக்கே அலுப்புத் தட்டியது. ஆனால் ஒலியை மாற்றாததால் ராகம் மாறுவது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. பேஸ் எந்த ஸ்வரங்களை விடுகிறது, மேல்குரல் எங்கே போய் நிற்கிறது என்று காது தானாகத் தேட ஆரம்பிக்கிறது. மேம்படுத்தாமல் விட்டதுதான் இந்தத் தட்டின் வடிவம். முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பத்து ராகம், ஒரு தாளம், தபலா கிடையாது. மிச்சமெல்லாம் வாசிப்பு.

இரண்டாவது, எம்.ஐ.ஏ. மாயா அருள்பிரகாசம், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து லண்டனில் அகதியாக வளர்ந்தவர். இசை படித்தவர் அல்ல, ஓவியமும் திரைக்கலையும் படித்தவர். நண்பரான ஜஸ்டின் ஃப்ரிஷ்மனிடமிருந்து ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைக் கருவியை இரவல் வாங்கி, வீட்டில் ஆறு பாட்டு கொண்ட டெமோ செய்தார். 2003-ல் 'கலாங்' வெறும் 500 பிரதி வந்தது. 2005-ல் 'அருளர்' ஆல்பம், அப்பாவின் இயக்கப் பெயரில்.

நம் பசங்களுக்கு இந்தக் கதையை 'ஒரே ஒரு கருவி போதும்' என்கிற நீதிக்கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதிக் கதை. 'கலாங்'கின் இறுதி வடிவத்தில் ராஸ் ஆர்டன், ஸ்டீவ் மெக்கி என்று இரண்டு தயாரிப்பாளர்களின் கை இருக்கிறது. வீட்டில் தொடங்கியது வீட்டில் முடியவில்லை. அவர் கையை விட்டுப் போனதால்தான் முடிந்தது. கரடுமுரடாக இருந்தபோதே இன்னொருவர் காதில் போட்டுவிட்டார், அந்தத் துணிச்சல்தான் எனக்கு எம்சி-505-ஐவிட முக்கியமாகப் படுகிறது.

மூன்றாவது பெயரைச் சொன்னால் 'அவர் எங்கே, நாம எங்கே' என்பீர்கள். ஏ.ஆர். ரஹ்மான். கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ரெக்கார்ட் இன்னை அவர் அமைத்தது 'ரோஜா'வுக்கு முன்பே. விளம்பர ஜிங்கிள்கள் செய்துகொண்டிருந்த காலம். அந்த வகையில் பார்த்தால், 1992-ல் வந்து முதல் படத்திலேயே தேசிய விருது வாங்கிய 'ரோஜா' தமிழின் மிகப் பிரபலமான வீட்டு ஸ்டுடியோ ஆல்பம். ராத்திரியில்தான் வேலை செய்வார் என்பது ஊரறிந்த செய்தி. இதுவரை நம் வாழ்க்கை மாதிரியே இருக்கிறது, இல்லையா?

வேறுபாடு இரண்டு. ஜிங்கிள் என்றால் முப்பது விநாடி, தேதி குறித்து வாங்கிப் போக ஆள் வந்துவிடுவார். வருஷக்கணக்கில் அதைச் செய்தவருக்கு முடிப்பது என்பது ஒரு குணமாகவே ஆகியிருக்கும். இன்னொன்று, ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர். 1990-களிலிருந்து 2008 டிசம்பரில் மறையும்வரை ரஹ்மானின் ஒலிக்குப் பின்னால் இருந்த காதுகளில் முக்கியமானவை அவருடையவை. இசையமைத்தவரின் காதும் மிக்ஸ் செய்தவரின் காதும் ஒரே மண்டையில் இல்லை. வீட்டில் ஒரே ஆள் எல்லாம் செய்வதை நாம் சுதந்திரம் என்று கொண்டாடுகிறோம். அதில் ஓர் இழப்பும் இருக்கிறது என்பதை ஸ்ரீதர் என்ற பெயர் ஞாபகப்படுத்துகிறது.

*

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். 'எலக்ட்ரானிக் இசையில் ஒலிதான் பாட்டு. வயலினுக்கு எழுதி வைத்துவிட்டு அப்புறம் மிக்ஸ் பண்ணலாம். ஆனால் ஒரு சிந்த் ஒலியின் ஃபில்டரைத் திருப்புவதே இங்கே இசையமைப்பு. மிக்ஸிங்கை மெய்ப்புப் பார்ப்பது என்று சொல்வது தப்பு.'

சரியான மறுப்பு. 1970-களின் கடைசியிலேயே பிரையன் ஈனோ, ஸ்டுடியோவே ஓர் இசையமைப்புக் கருவி என்று பேசினார். டப் இசையில் கிங் டப்பி மிக்ஸர் பலகையை வாத்தியம் மாதிரி வாசித்தார். அதனால் 'முதலில் எழுது, அப்புறம் மிக்ஸ் பண்ணு' என்ற பொதுவான அறிவுரை நமக்குப் பாதிதான் பொருந்தும்.

அப்படியானால் கோடு எங்கே? எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இது. நீங்கள் செய்த மாற்றம் பாட்டைப் பற்றி ஒரு புதுக் கேள்வியைக் கேட்கிறதா? பேஸின் ஃபில்டரைத் திறந்ததும், 'அடுத்து இங்கே குரல் வந்தால் என்ன?' என்று தோன்றினால் அது எழுத்து. 'இது 200 ஹெர்ட்ஸா, 220-ஆ?' என்று மட்டும் தோன்றினால் அது மெய்ப்பு. இரண்டும் வேண்டியதுதான். மெய்ப்பை எழுத்து என்று நினைத்துக்கொள்வதுதான் நம்மை ஏமாற்றுகிறது, ஏனென்றால் மெய்ப்புப் பார்த்த ராத்திரியிலும் களைப்பு வரும். களைப்பு வந்தால் வேலை செய்த திருப்தி வந்துவிடுகிறது.

இன்னொரு விஷயம், இது என் தொழிலிலிருந்து. ஒரு பாகத்துக்கு வரைபடம் போட்டால் அளவோடு கூட டாலரன்ஸும் எழுதுவோம். 20 மில்லிமீட்டர், கூடவோ குறையவோ 0.1. அதற்குள் இருந்தால் பாஸ். அந்தச் சின்ன எண் இல்லாவிட்டால் எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு போல்ட்கூட வெளியே போகாது, ஏனென்றால் துல்லியத்துக்கு முடிவு கிடையாது. வீட்டு இசைக்காரனின் வரைபடத்தில் டாலரன்ஸ் எழுதப்படவில்லை. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் -14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிபரப்புகிறது. உங்கள் பாட்டை இன்னும் 3 டெசிபல் நசுக்கிச் சத்தமாக்கினாலும் அங்கே அது குறைக்கப்பட்டுவிடும். அப்புறம் எதற்கு அந்த மூன்று ராத்திரி? மிக்ஸைத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைக்கலாம். குரல் புரிய வேண்டும், போன் ஸ்பீக்கரிலும் பேஸின் ஸ்வரம் தெரிய வேண்டும், எதுவும் காதைக் குத்தக்கூடாது. இந்த மூன்றும் வந்துவிட்டால் பாஸ். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட வேண்டியதுதான்.

எங்கே அனுப்புவது? இங்கேதான் மோட்டிவேஷன் என்ற சொல்லுக்கு வருகிறேன்.

*

கச்சேரிக்குச் சபை உண்டு. கவிதைக்கு வாசகர் வட்டம் உண்டு, நாலு பேர் வந்தாலும். இந்த ஊரில் உறுமி மேளம் வாசிக்கிற பசங்களைப் பாருங்கள். அவர்களிடம் யாரும் மோட்டிவேஷன் பற்றிப் பேசுவதில்லை. குழு இருக்கிறது, தேதி இருக்கிறது, திருவிழா இருக்கிறது. தைப்பூச ஊர்வலத்தில் 1973-லிருந்து வாத்தியங்களுக்குத் தடை இருந்தது. 2016-ல்தான் ஊர்வலப் பாதையில் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. தடை இருந்த நாற்பது சொச்ச வருஷத்திலும் அந்த மேளம் சாகவில்லை. வாசிக்கிறவனுக்கு எதிரே ஒரு முகம் இருந்தது, அதனால் என்றுதான் நினைக்கிறேன்.

நம்மிடம் அந்த முகம் இல்லை. தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது, அங்கே ஹெட்ஃபோன் வாங்கலாம், ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம். ஆனால் செய்த பாட்டை எடுத்துக்கொண்டு தேக்காவில் எந்தக் கதவைத் தட்டுவது? கருவி மலிந்துவிட்டது, கேட்பவர் அரிதாகிவிட்டார். இணையத்தில் போடலாமே என்றால், போடலாம். சிங்கப்பூரில் வளர்ந்த ஷபிர் இசையமைத்து 2019-ல் வந்த 'சகா' படத்தின் 'யாயும்' பாட்டு, குறுந்தொகையின் நாற்பதாவது பாட்டை எடுத்துக்கொண்டு படத்தைவிடப் பல மடங்கு தூரம் போனது இணையத்தில்தான். ஆனால் எண்ணிக்கை என்பது முகம் ஆகாது. ஆயிரம் 'வியூஸ்' வந்தாலும், இரண்டாம் நிமிஷத்தில் அலுப்பாக இருந்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை.

அதனால் டிசான்டிஸின் 74 உத்திகளோடு எழுபத்தைந்தாவதாக ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் பாட்டுக்கு ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். தயாரிப்பாளராக இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. மாதத்தில் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எது கையில் இருக்கிறதோ அதை, கரடுமுரடாகவே, அவர் முன்னால் ஸ்பீக்கரில் போடுங்கள். மாலை ஆறு மணிக்குப் போடுங்கள், அண்டை வீட்டுக்கும் தொந்தரவில்லை. அவர் எதுவும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கேட்கும்போது, எந்த இடத்தில் பாட்டு நொண்டுகிறது என்று நமக்கே கூச்சத்தில் தெரிந்துவிடும். 230 தடவை தனியாகக் கேட்டும் தெரியாதது அந்த ஒரு தடவையில் தெரியும். இந்த இதழில் எழுதுகிற, வாசிக்கிற நண்பர்கள் இதைத்தான் கதைக்கும் கவிதைக்கும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆளாக இருப்பதற்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதால், இதை வாசிக்கிற உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் நண்பர் வட்டத்தில் ஹெட்ஃபோனும் கையுமாக ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் 'இப்ப என்ன பண்ணிட்டு இருக்க?' என்று கேட்காதீர்கள், 'இன்னும் முடியல' என்பார். 'போடு, கேக்கலாம்' என்று சொல்லுங்கள்.